அடுக்கி வெட்டிய துணிகளைக் கலைக்கும் கணக்கு

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. மேற்கு மாம்பலத்து வீட்டு பீரோவில் பல ஆண்டுக் கொலுவிலும் கல்யாணங்களிலும் வெற்றிலைப் பாக்கோடு வந்த ரவிக்கைத் துண்டுகள் சேர்ந்துகிடக்கின்றன. ஒட்டுத்துணிப் போர்வை தைக்க அவற்றில் எட்டை எடுத்து 10 இஞ்ச் சதுரங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதலில் மேலிருந்து கீழாகச் சற்றுச் சாய்வாக ஒரு வெட்டும், பிறகு வலப்பக்கத் துண்டில் மட்டும் குறுக்கே இரண்டு வெட்டுகளும் போட்டு, சீட்டுக்கட்டைப் போல நன்றாகக் கலைத்துத் தைத்திருக்கிறீர்கள். முடிவில் வலப்பக்கம் குட்டையாகவும் இடப்பக்கம் நெட்டையாகவும் நின்றது, தைத்து முடித்த சதுரக் கட்டங்கள் மூன்றில் ஒரே துணி அடுத்தடுத்து வந்தது, ஒரு துணியின் துண்டுகள் எந்தக் கட்டத்திலும் பொருந்தவே இல்லை. தவறு எங்கே என்று கேட்கிறீர்கள்.

கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. உங்களைத் திசைதிருப்பியது ‘கலைத்தல்’ என்ற சொல். இந்த முறையில் முடிந்த போர்வையைப் பார்ப்பவருக்குத் துண்டுகள் தாறுமாறாகச் சிதறி விழுந்தது போலத் தோன்ற வேண்டும் என்பது உண்மை. ஆனால் தைப்பவர் தன்னிச்சையாகச் செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அது வெட்டும் கோடு. அடுக்குவது, இடம் மாற்றுவது, இணைப்பது ஆகிய மூன்றுக்கும் கணக்கு உண்டு. முப்பது ஆண்டுகளாகத் தைத்துவருகிறேன், அதில் முதல் பத்தாண்டுகள் நானும் சீட்டுக்கட்டைப் போலத்தான் கலைத்துக்கொண்டிருந்தேன்.

கலைப்பதை விளக்கிவிட்டால் மற்றவை எளிது. ஆறு துணிகளை அடுக்கிச் சதுரத்தை நான்கு துண்டுகளாக வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேசைமேல் நான்கு சிறு அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அதே ஆறு துணிகள் அதே வரிசையில். முதல் அடுக்கை அப்படியே விடுங்கள். இரண்டாவது அடுக்கில் மேலேயுள்ள ஒரு துண்டை எடுத்து அடியில் வையுங்கள். மூன்றாவதில் மேலிருந்து இரண்டை, நான்காவதில் மூன்றை. அவ்வளவுதான். இனி ஒவ்வோர் அடுக்கின் மேல்துண்டையும் எடுத்து இணைத்தால் முதல் கட்டத்தில் 1, 2, 3, 4 ஆம் துணிகள் வரும். அடுத்த கட்டத்தில் 2, 3, 4, 5. கடைசிக் கட்டத்தில் 6, 1, 2, 3. எந்தக் கட்டத்திலும் ஒரு துணி இரண்டு முறை வராது, வர முடியாது. இதற்குரிய ஒரே நிபந்தனை, வெட்டும் துண்டுகளின் எண்ணிக்கை அடுக்கிய துணிகளின் எண்ணிக்கையை மீறக்கூடாது என்பது. ஆறு துணிக்கு ஆறு துண்டு வரை தாராளம், ஏழாவது துண்டு வெட்டினால் ஏதோ ஒரு துணி திரும்ப வந்தே தீரும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. துணிகளை வெளிர், அழுத்தம், வெளிர், அழுத்தம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால், ஒன்று நகர்த்திய அடுக்கும் நகர்த்தாத அடுக்கும் எப்போதும் எதிரெதிர்ச் சாயலாக அமையும், இரண்டு நகர்த்திய அடுக்கோ நகர்த்தாததன் சாயலையே கொண்டிருக்கும். சதுரத்தை ஒரு நெடுக்கு வெட்டும் இரு பக்கமும் ஒவ்வொரு குறுக்கு வெட்டுமாக நான்காகப் பிரித்திருந்தால், புத்தகம் படிக்கும் வரிசையில் மேல்வரிசைக்கு 0, 1, கீழ்வரிசைக்கு 2, 3 என்று நகர்த்தும்போது இடப்பக்கத்தில் மேலும் கீழும் ஒரே சாயல் வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகக் கோயிலை வலம் வருவது போல, மேல் இடம் 0, மேல் வலம் 1, கீழ் வலம் 2, கீழ் இடம் 3 என்று சுற்றிக்கொண்டு போனால், குறுக்கு வெட்டுகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கும்வரை அடுத்தடுத்த துண்டுகள் எதிர்ச் சாயலாகவே அமையும். இதற்கு அடுக்கில் துணிகள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். உங்கள் வெட்டில் இடப்பக்க நெடுந்துண்டு வலப்பக்கத் துண்டுகள் மூன்றையும் தொடுகிறது, அந்த மூன்றும் தமக்குள்ளும் தொடுகின்றன. அங்கே இரண்டு சாயல் போதாது. வெளிர், நடுத்தரம், அழுத்தம் என மூன்று வேண்டும்.

சாயல் என்று நான் சொல்வது நிறத்தை அன்று. அரக்கும் கரும்பச்சையும் நம் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள். பட்டுப்புடவை உடலுக்கும் கரைக்கும் அந்த இணையைத்தான் தேடி எடுப்போம். ஆனால் இரண்டும் ஒரே அளவு அழுத்தமானவை என்பதால் போர்வையில் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் வெட்டின் கோடே மறைந்துபோகும். எம்.எஸ். நீலமும் கத்தரிப்பூ நிறமும் அப்படித்தான். துண்டுகளைத் தரையில் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், எது எதோடு கலந்து மறையும் என்பது உடனே தெரிந்துவிடும். மாம்பழ மஞ்சள், சந்தனம், இளம் ரோஜா ஆகியவற்றை நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை, அவை பீரோவின் அடித்தட்டிலேயே தங்கிவிடும். இந்த வேலையில் அவைதான் மற்ற நிறங்களைத் தூக்கிக் காட்டுகின்றன.

சுழற்றும் முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே அடுக்கிலிருந்து வரும் கட்டங்களில் முதல் துணிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டாவது துணியே நிற்கும். போர்வைக்கான அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கி ஒரே மாதிரி வெட்டினால் போர்வை முழுவதும் அந்த ஜோடிகள் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்தும். ஒவ்வொரு அடுக்குக்கும் துணிகளின் வரிசையை மாற்றுங்கள், வெட்டின் சாய்வையும் மாற்றுங்கள். சீட்டைக் கலைக்கும் ஆசையை இந்த இடத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, வலப்பக்கம் ஏன் குட்டையாயிற்று என்பது. தையலுக்கு இருபுறமும் கால் இஞ்ச் விடுகிறோம், ஆகவே ஒவ்வொரு தையலும் அரை இஞ்சை விழுங்கும். உங்கள் வலப்பக்கத்தில் இரண்டு குறுக்குத் தையல்கள் இருப்பதால் அங்கே உயரம் 10 இஞ்சிலிருந்து 9 ஆகக் குறைந்தது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லாததால் அது 10 ஆகவே நின்றது. அகலத்திலோ ஒரே நெடுக்குத் தையல், ஆகவே 9½. வெட்டும் முன்பே மனத்துக்குள் சதுரத்தின் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்து, அவை எத்தனை தையல்களைக் கடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எங்கே இழுத்தாலும் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி வெட்டினால் சதுரம் சதுரமாகவே திரும்பி வரும். எல்லா வெட்டையும் ஒரே திசையில் போட்டு ஆறு பட்டைகளாக்கினால் ஐந்து தையலில் அகலம் மட்டும் 2½ இஞ்ச் போய்விடும், சதுரமாக எடுத்தது செவ்வகமாக முடியும்.

சாய்வு வெட்டில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சாய்ந்த ஓரமுள்ள துண்டைக் குறுக்கே வெட்டி, அரை இஞ்ச் உள்வாங்கித் தைத்ததும், அந்தச் சாய்ந்த ஓரம் நேராகத் தொடராமல் ஒரு சிறு படியாக முறிகிறது. 10 பாகைச் சாய்வில் அந்தப் படி ஓர் இஞ்சில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான், கண்டுகொள்ள வேண்டாம். 30 பாகைக்குச் சாய்த்தால் அது கால் இஞ்சையும் தாண்டிவிடும், அப்படியே நெடுக்குத் தையல் போட்டால் ஓரிடத்தில் துணி தையலுக்குள் அகப்படாமலே நழுவும். ஆகவே முதற்சில அடுக்குகளுக்குச் சாய்வைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் படி தெரிந்தால், நெடுக்குத் தையலுக்கு முன் ஸ்கேலை வைத்து அந்த ஓரத்தை ஒருமுறை நேராக்கிவிடுங்கள். சாய்ந்த ஓரம் என்பது தையற்காரர்கள் சொல்லும் கிராஸ் துணி. பாவும் ஊடையும் தாங்காத திசை அது, இழுத்தால் நீளும். அங்கே இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

தைக்கும் வரிசை வெட்டிய வரிசைக்கு நேர் எதிர். கடைசியாக வெட்டியதை முதலில் இணைத்து, முதல் வெட்டைக் கடைசியில் இணைக்க வேண்டும். இது தவறினால் எல் வடிவ மூலையில் துணியைத் திருப்பித் திருப்பித் தைத்து அவதிப்படுவீர்கள். வெட்டியவுடன் துண்டுகளுக்கு எண் எழுதிய காகிதத்தைக் குண்டூசியால் குத்தி, ஒரு பழைய செய்தித்தாளின்மேல் சதுரத்தின் அமைப்பிலேயே பரப்பிவைத்து, தாளோடு மிஷினுக்குத் தூக்கிச் செல்லுங்கள். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். சித்திரை வைகாசியில் நம் ஊரில் இதைவிடப் பெரிய தியாகம் கிடையாது, ஆனால் பரப்பிய துண்டுகளை விசிறிக்காற்று கலைத்துவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது. ஒரே இடத்துக்குரிய ஆறு ஜோடிகளையும் நூலை அறுக்காமல் தோரணம் போல வரிசையாகத் தைத்துவிட்டு, பிறகு அறுத்துக்கொள்வது நேரத்தையும் நூலையும் மிச்சப்படுத்தும். அடுக்கின் வரிசையும் குலையாது.

கால் இஞ்ச் என்பதை மிஷினின் பாதத்தை நம்பி வைக்காதீர்கள். வீட்டு மிஷின்களில் ஊசிக்கும் பாதத்தின் விளிம்புக்கும் உள்ள தூரம் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஊசியிலிருந்து டேப்பால் அளந்து, மிஷின் தட்டில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிக்கொண்டால் போதும். கட்டங்கள் எல்லாவற்றையும் தைத்து முடித்த பிறகே ஓரங்களைச் சீர்செய்ய வேண்டும். அவற்றுள் சிறியது எது என்று பார்த்து, அந்த அளவுக்கு மற்றவை அனைத்தையும் வெட்டுங்கள். 10 இஞ்சில் தொடங்கி இரு திசையிலும் ஒவ்வொரு தையல் போட்டால் 9½ மிஞ்சும், அதை 9 ஆகச் சீர்செய்தால் சிறு பிழைகள் எல்லாம் வெட்டுத்துண்டோடு போய்விடும். ஒவ்வொரு கட்டத்தையும் தைத்தவுடன் தனித்தனியே சீர்செய்வதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு.

பொருந்தவே பொருந்தாத அந்த ஒரு துணியின் கதை எளிது. எட்டில் ஏழு துணிகளை முகம் மேலாகவும் ஒன்றை முகம் கீழாகவும் வைத்திருக்கிறீர்கள். சாய்வாக வெட்டும்போது கவிழ்ந்திருக்கும் துணி கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறிய வடிவத்தைத் தரும். உடைத் தையலில் ஒரு கை, மறு கை என்று இரண்டு பக்கமும் தேவைப்படுவதால் துணியை மடித்து வெட்டிப் பழகிய கை இந்தத் தவறை எளிதில் செய்யும். அச்சு இல்லாத டூ பை டூ ரூபியா என்ற ரவிக்கைத் துணிக்கு முகமும் முதுகும் ஒன்றேதான், திருப்பிப்போட்டால் தீர்ந்தது.

எட்டு அடுக்கு அதிகம் என்பது என் கருத்து. ரோட்டரி கட்டர் எனப்படும் உருளும் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தியது. உடைத் தையலுக்கென்று வந்த அந்தக் கருவியை ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். பல அடுக்குகளை வீட்டு மேசையில் நகராமல் வெட்ட வழி கிடைத்ததால்தான் இந்த முறை பரவியது. 45 மில்லிமீட்டர் வட்டக் கத்தி புதிதாக இருந்தால் பாப்ளின் துணியில் ஆறு அடுக்கு சுத்தமாக வெட்டும். கத்தி மழுங்கியிருந்தால் அடியிலுள்ள இரண்டும் இழுபட்டுக் கோடு விலகும். கடற்காற்றில் கத்தி துரு ஏறும், மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். கத்தரிக்கோல்தான் இருக்கிறது என்றால் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், ஏனெனில் அதன் கீழ்த்தகடு துணியைத் தூக்கியே வெட்டுகிறது. பழைய மாதக் காலண்டர் தாளில் சதுரத்தை வரைந்து, கோடுகள் போட்டு, எண் எழுதி, தாளை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால் கத்தரிக்கோலாலும் ஒரே அளவான துண்டுகள் கிடைக்கும்.

துணியின் அளவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 36 இஞ்ச் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துண்டு ஒன்றில், துவைத்துச் சுருங்கிய பிறகும் 30 இஞ்ச் நீளம் தேறினால், 10 இஞ்ச் சதுரங்கள் ஒன்பது கிடைக்கும். ஆறு ரவிக்கைத் துண்டுகளுக்கு 54 சதுரங்கள், அதாவது ஒன்பது அடுக்குகள். 9 இஞ்சாகச் சீர்செய்த கட்டம் தைத்து முடிந்ததும் 8½ இஞ்ச் ஆகும். குறுக்கே ஆறு, நெடுக்கே ஒன்பது வைத்தால் 51க்கு 76½ இஞ்சில் ஒற்றைக் கட்டிலுக்குப் போதுமான போர்வை. ஆனால் ஆறே துணிகளில் முழுப் போர்வையும் செய்தால் வெறுமையாக இருக்கும், பதினெட்டு துணிகளிலிருந்து மும்மூன்று சதுரம் எடுப்பது அழகு. வீட்டில் இல்லாத வெளிர் நிறங்களுக்கு எழும்பூர் பாந்தியன் சாலையின் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் பருத்தி வாங்கலாம். சௌகார்பேட்டை கோடவுன் தெருவில் மொத்த வியாபாரம், அரை மீட்டர் கேட்டுக்கொண்டு அங்கே போவதில் பயனில்லை. தெருமுனைத் தையற்கடையில் கேட்டால் ஒரு பை நிறைய வெட்டுத்துணி சும்மாவே தருவார்கள், அதில் பாதிக்கு மேல் லைனிங் துணியாக இருக்கும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டனைச் சேர்க்காதீர்கள். ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தால், பருத்தி காகிதம் போல எரிந்து மென்சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் மற்றது சுருளும். ஜரிகைப் பட்டுத் துண்டுகளை இந்த அடுக்கில் சேர்க்கவே வேண்டாம். பட்டு வழுக்கும், ஜரிகை கத்தியை மழுக்கும்.

சாயத்தைப் பற்றி எனக்கு ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. ஆசையாகத் தைத்த ஒரு போர்வையில் அரக்குச் சுங்குடித் துண்டு ஒன்றைத் துவைக்காமல் சேர்த்தேன், முதல் சலவையிலேயே பக்கத்திலிருந்த சந்தன நிறம் எல்லாம் ரோஜாவாகிவிட்டது. நம் ஊர்ப் பெயரோடு போன மெட்ராஸ் கட்டத்துணி 1960களில் அமெரிக்காவில் ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்றே பெருமையாக விற்கப்பட்டது, ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து இளகுவதே அதன் சிறப்பு என்று விளம்பரப்படுத்தினார்கள். சட்டைக்கு அது சிறப்பாக இருக்கலாம். வெளிரும் அழுத்தமும் பிரிந்து நிற்பதையே நம்பியிருக்கும் இந்த வேலைக்கு அது எமன். ஒவ்வொரு துணியையும் ஒரு வெள்ளைத் துண்டோடு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளையில் கறை ஏறாத வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுங்கள். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பது வீடுதோறும் சொல்லப்படுவது. ஒட்டாத சாயத்தை உப்பு ஒட்டவைப்பதில்லை. அலசி வெளியேற்றுவதே வழி. மூன்று அலசலுக்குப் பிறகும் விடுகிற துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலசிய பிறகு ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, சற்று ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். விறைத்த துணி அடுக்கில் நகராது, கிராஸ் ஓரமும் நீளாது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வெட்டவிருக்கும் அன்றைக்குத் தேவையானதற்கே கஞ்சி போடுங்கள், ஈரக்காற்றில் அது பிசுபிசுத்துப்போகும். வேலை முடிந்ததும் முழுப் போர்வையையும் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட வேண்டும், இல்லையெனில் பீரோவில் பூச்சி அரிக்கும்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு சென்னைக்குத் தேவையில்லை. பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை ஒற்றையாக வைத்தால் ஏசி அறைக்குப் போதும், சற்றுக் கனம் வேண்டுமெனில் இரண்டு. அடித்துணிக்கு 60க்கு 90 இஞ்ச் ஒற்றைக் கட்டில் விரிப்பு ஒன்றைத் துவைத்துப் பயன்படுத்தினால் நடுவில் இணைப்பே வராது. மூன்றையும் சேர்த்து மிஷினில் தைப்பதைவிடக் கையால் ஓடுதையல் போடுவது இந்தத் தடிமனுக்கு நன்றாக வரும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவந்திப் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கொண்டுபோவார்கள். வேட்டியை நடுவில் வைத்த மெல்லிய போர்வைக்கு அந்தப் போக்கை நான் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன், துணியைப் போகப் போகக் கையால் நீவிக்கொண்டே வந்தால் நடுவில் சுருக்கம் விழுவதில்லை.

நீங்கள் வெட்டிவிட்ட அந்த எட்டுத் துணிகள் வீணாகவில்லை. தைத்த தையல்களைப் பிரித்துவிடுங்கள். நான்கு வடிவங்களையும் நான்கு குவியலாக்கி, ஒவ்வொன்றிலும் துணிகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். கவிழ்ந்திருந்த துணியில் அச்சு இல்லையென்றால் திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள், அச்சு இருந்தால் அதை மட்டும் விலக்கி ஏழாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க நெடுந்துண்டுக் குவியலை அப்படியே விட்டு, வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்துங்கள். வலப்பக்கத்து மூன்றையும் முதலில் இணைத்து, சாய்ந்த ஓரத்தை ஸ்கேலால் நேராக்கி, 10 இஞ்ச் உயர இடப்பக்கத்தின் நடுவோடு 9 இஞ்ச் உயர வலப்பக்கத்தின் நடுவைப் பொருத்தித் தைத்தால் இடப்பக்கம் மேலும் கீழும் அரை அரை இஞ்ச் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டலை வெட்டி எறியுங்கள். பிரித்த தையலின் ஓரத்தில் நூல் உதிர்ந்திருக்கும் என்பதால் 9 இஞ்ச் முழுதாகக் கிடைக்காது. கட்டங்கள் எல்லாவற்றையும் 8½ இஞ்சாகச் சீர்செய்துகொண்டு, ஒரு தலையணை உறைக்கோ ஊஞ்சல் விரிப்புக்கோ வைத்துக்கொள்ளுங்கள். போர்வையைப் புதிய ஆறு துணிகளோடு தொடங்குங்கள்.